விரத நாளில் ஒரு வேர்ச் சிகிச்சை

போன வியாழக்கிழமை ஒரு பல்லைக் கெடுத்தேன். பல் டாக்டர் பல்லைப் பிடுங்கலாம், அடைக்கலாம்... கெடுக்கலாமா?

மீனாட்சிபுரத்தில் நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றும் மயிலாத்தாள் அம்மாள், கன்னம் வீங்கி, சித்தூரில் என் கிளினிக்குக்கு வந்தார். இடது கடைவாய்ப் பல். வலது பக்கம் ஏற்கெனவே காலி. மெல்லுவதற்கு அவருக்கு மிச்சம் இந்தப் பக்கம்தான்.

"ஏனுங்க டாக்டரு, எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க. வாய்க்குள்ள தண்ணி மட்டும் உட்றாதீங்க. சஷ்டி விரதமுங்க. பொழுது சாயறவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுங்க."

மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. அதற்கான விரதம்.

விரதம் முடிந்து வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கை மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

தண்ணீர் பீய்ச்சாத, காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரில்லால் பல்லைத் திறந்தேன். வேருக்குள் விட்ட, ஊசி மாதிரி இருக்கும் முதல் ஃபைல் வளைந்தே வெளியே வந்தது. வேரின் நுனியில் கொக்கி மாதிரி வளைவு! இப்படிப்பட்ட வேரைச் சுரண்டும்போது நடுநடுவே மருந்துத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். குளோரின் வாடையடிக்கும் அந்தத் தண்ணீர்தான் தூளை வெளியே கொண்டுவரும். ஃபைல் வழுக்கிக்கொண்டு வளைவோடு போகும். அவர் கேட்டபடி நான் அதை விடவில்லை. வறட்டு வேரில்? தூள் வளைவில் அடைத்துக்கொள்ளும். ஃபைல் திரும்பாது... நேரே போகும்.

போயிற்று. வேரின் சுவரைத் துளைத்துக்கொண்டு.

பஞ்சு முழுக்க ரத்தம். பதறிப்போய், கையில் கிடைத்த சிரிஞ்சால் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சினேன். அவர் ஒரு மடக்கு விழுங்கிவிட்டார்.

பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. விரதமும் போயிற்று.

நோயாளி கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவதை நாங்கள் கருணை என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் பாதி சோம்பல், பாதி கர்வம்.

வாயில் பஞ்சோடு அழுதார். "உங்க மேல தப்பில்லீங்க டாக்டரு. விரதத்தோட நாந்தான் வந்திருக்கக் கூடாதுங்க. சாமிக்குப் பொறுக்கல. எம் மகளுக்கு இனி எப்படீங்க..." முடிக்கவில்லை.

சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தண்ணீர் விடாமல் சுரண்டியது நான், தப்பு என்னுடையது... சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"ரெண்டு நாள் சூடா எதுவும் சாப்பிடாதீங்கம்மா" என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வாயில் முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. உண்மைதான் வரவில்லை.