துண்டுக்குள் வராத கை

பிள்ளைகளே, அவ்வளவு படித்த பெரியப்பா ஏன் சொந்தமாகக் கடை வைக்கவில்லை என்று கேட்டீர்கள். வைத்தார். ஒரு மல்லாட்டைப் பருவம்கூட ஓடவில்லை.

எங்கள் அப்பா திண்டிவனம் மண்டியில் மூட்டை தூக்கியவர். இரண்டு பேரைப் படிக்கவைக்க அவரால் ஆகாது. நான் எட்டாவதோடு நின்றேன். அண்ணனை மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் அமெரிக்கா வரைக்கும் அனுப்பினார். வியாபார நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, இரண்டாவது உலகச் சண்டை தொடங்குமுன்னே விழுப்புரம் ஸ்டேஷனில் கோட்டோடு வந்து இறங்கினார். பட்டம் கொடுத்த வெள்ளைக்காரர் தன் கையைப் பிடித்துக் குலுக்கியதை அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம சனங்க குத்தகைக்குப் பயிர் வெச்சி, வந்த விலைக்குத் தள்ளிக்கினு கெடக்குதுங்க. நானே வாங்கி நானே விக்கிறேன்" என்றார்.

அப்பா மட்டும், "துண்டுக்குள்ள கை வுடுவாங்களாடா?" என்று கேட்டார்.

மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலை அழுத்தியே பேரம் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அப்படித் தனித்தனியாகப் பேசினால்தான் விலை ஏறும். சேரியில் பிறந்த கையை அதுவரை யாரும் துண்டுக்குள் பிடித்ததில்லை.

"படிப்புக்குன்னு ஒரு மரியாதை இருக்குப்பா" என்றார் அண்ணன்.

மண்டியிலேயே கடை போட்டார். முதல் வண்டி வேர்க்கடலை வந்தது. நல்ல காய். எண்ணெய் மில்லுக்கு வாங்கும் பெரிய வியாபாரி உடைத்துத் தின்று பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் கைமேல் துண்டைப் போட்டு நீட்டினார்.

வியாபாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "டாக்டர் சாருக்கு எதுக்குங்க இந்தத் துணி வேலை? இங்கிலீசு படிச்ச வாயி, வாயாலயே சொல்லுங்க."

"ஜல்தியா சொல்லுங்க சார், காயி முளைச்சிடப் போவுது" என்றான் தரகன். மண்டியே சிரித்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா சிரிக்கவில்லை.

அண்ணன் விலையைச் சொன்னார். எல்லார் காதிலும் விழுந்தது. அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை, கீழேதான் இறங்கினார்கள். அடுத்தடுத்த வண்டிக்கும் அதே கதிதான். கடைசியில் நம் சனங்களே, "கோச்சிக்காத தம்பி" என்று பழையபடி தரகனிடமே காயைப் போட்டார்கள். வயிற்றுப்பாடு, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கடையை மூடிவிட்டுப் பட்டணத்துக் காலேஜில் வாத்தியாராகப் போனார் அண்ணன்.

சில வருஷம் கழித்து, அவர் லீவில் வந்திருந்தபோது, அதே வியாபாரி மகனுக்குக் காமர்ஸ் வகுப்பில் இடம் கேட்டுச் சேரிக்கே வந்தார். "நீங்கதான் பையனுக்கு வழி காட்டணும்ங்க" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கும்பிடுவதற்கு யாரையும் தொடவேண்டியதில்லையே.

அண்ணன் இடம் வாங்கிக் கொடுத்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.