விஷயத்துக்கு முன்னால்

அல்ட்ரா வைட்பேண்ட் என்கிற ரேடியோ கருவியில் செய்தி மிகக் குறுகிய துடிப்புகளாக வரும். எந்தக் கணத்தில் வருகிறது என்று பிடிபட்டால்தான் படிக்க முடியும். அதனால் செய்திக்கு முன்னால், பொருளே இல்லாத ஒரே துடிப்பு வரிசை திரும்பத் திரும்ப வரும். கேட்கும் கருவி அதை வைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். நான் செய்துகொண்டிருந்த இரண்டு கருவிகளில், பேட்டரியை மிச்சம்பிடிக்க அந்த முன்பகுதியை வெட்டிவிட்டேன். கொட்டாரம் ஊரில் என் வீட்டு மேசையில் அவை இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

அந்த எரிச்சலில் இருந்தபோது மண்டைக்காட்டு அத்தை போன் செய்தாள். "மக்கா, சோறு தின்னியா? அங்க மழை உண்டா?"

"விஷயத்தைச் சொல்லுங்க அத்தை."

ஒரே மூச்சில் எதையோ கொட்டிவிட்டு வைத்துவிட்டாள். "கூட்டிட்டுப் போ" மட்டும்தான் காதில் ஏறியது. எங்கிருந்து?

திரும்ப அழைத்தேன். மறுபடி சோறு, மறுபடி மழை. பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் பலாப்பழத்தோடு நிற்கிறாளாம்.

கருவிகளில் வெட்டிய முன்பகுதியைத் திரும்பச் சேர்த்தேன். வண்டிச் சாவியை எடுப்பதற்குள் கருவிகள் பேசத் தொடங்கிவிட்டன.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "அத்தை, சோறு தின்னியளா?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"விஷயத்தைச் சொல்லுலே," என்றாள்.