கணவாய்ப் பொரியலும் பூச்சியச் சாவியும்

என் வீட்டுக்காரர் தன் தட்டிலிருந்த கணவாய்ப் பொரியலை எடுத்து என் தட்டில் வைத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. என் சங்கேத முறையை உடைத்துவிட்டார்.

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. யாழ்ப்பாணத்து மாமியார் பொரிக்கும் கணவாய் மீனை அவருடைய மகன் யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை, கட்டிய மனைவிக்குக்கூட. நான் திருச்சிக்காரி. சிட்னிக்குப் படிக்க வந்து, கூடவே படித்தவரைப் பிடித்துப்போய், இந்த வீட்டு மருமகளானேன். இருவருக்கும் ஒரே தொழில், ஆனால் எதிரெதிர்ப் பக்கம். செய்தியை யாருக்கும் புரியாதபடி கலக்கிப் பூட்டும் முறைகளை நான் வடிவமைக்கிறேன். யார் பூட்டினாலும், சாவி இல்லாமல் திறக்க முடியுமா என்று பார்ப்பது அவர் வேலை. எதிரியைத் தேடி நான் வெளியே போக வேண்டியதே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செய்த முறையை ஒளித்துவைக்கக் கூடாது. சாவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊரறியப் போட்டு, முடிந்தால் உடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நான் இழைத்து இழைத்துச் செய்ததைத் திங்கட்கிழமை மாலைக்குள் ஒரு பொதுப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பிய பிறகு உடைந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால் முதலில் இவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு மாதமாக மனுஷன் வாயே திறக்கவில்லை. இப்போது திடீரென்று கணவாய்.

“எத்தனை சுற்று?” என்று கேட்டேன். கலக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்வோம். ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று. பாதிச் சுற்றுவரை உடைத்தால் பரவாயில்லை, அதற்காகத்தான் மிச்சத்தை வைத்திருக்கிறோம்.

“முழுக்க. நாலு நிமிசத்தில சாவி வந்திட்டுது,” என்றார்.

நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. எழுந்து, கறி படிந்த கையோடு அவர் தோளைப் பிடித்து உலுக்கி, எப்படி, எப்படி என்று குதித்தேன். மூன்று வருடம் என் கண்ணில் படாத ஓட்டையை ஒருத்தர் கண்டுபிடித்திருக்கிறார் என்றால் அது எவ்வளவு அழகான ஓட்டையாக இருக்க வேண்டும். இந்தப் பைத்தியம் இல்லாதவர்கள் இந்தத் துறைக்கு வருவதில்லை. மாமியார் சொதிக் கரண்டியோடு நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“இது நல்ல விசயமோ, கூடாத விசயமோ?”

வீட்டுக்காரர் நல்லது என்றார், நான் கெட்டது என்றேன், இருவரும் ஒரே நேரத்தில். அப்படியானால் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சிரிக்கும்படி சொல்லிவிட்டு மாமியார் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

தட்டுகளை ஒதுக்கி மடிக்கணினியைத் திறந்தோம். அவர் எழுதிய நிரல் ஓடியது. சொன்னபடியே சாவி திரையில் வந்து நின்றது. வரிசையாகப் பூச்சியங்கள்.

சோதனைக்கு எந்தச் சாவியைப் போட்டுப் பூட்டினார் என்று கேட்டேன். எல்லாம் பூச்சியம்தான், வேறென்னத்தைப் போடுவது என்றார். அதுவும் சரிதான். நானும் எப்போதும் அதைத்தான் போடுவேன். எங்கள் கூட்டத்தின் பொதுச் சோம்பேறித்தனம் அது. சந்தேகம் தட்டியது. கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டி வேறொரு சாவி போட்டுப் பூட்டி, திறக்கச் சொன்னேன். நாலு நிமிடம் போனது. பாயாசம் வந்தது. பாயாசமும் தீர்ந்தது. கணினி இரைந்ததே ஒழியச் சாவி வரவில்லை. நான் சாப்பாட்டு மேசைக் கதிரைகளைச் சுற்றி ஆடினேன். கணவாயைத் திருப்பிக் கேட்காதீர்கள், அது போன இடம் போய்விட்டது என்று பாடாத குறையாகச் சொன்னேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பூச்சியத்துக்கு மட்டும் ஏன் திறக்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். என் ஆட்டம் அப்படியே நின்றது.

சாவியைத் துண்டுகளாக வெட்டி, சுற்றுக்கு ஒரு துண்டாக முறைவைத்துக் கலப்பது என் ஏற்பாடு. பூச்சியச் சாவியில் நடப்பதுபோல் துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி அமைந்துவிட்டால் எல்லாச் சுற்றும் அச்சு அசலாக ஒன்றே. அப்புறம் எத்தனை சுற்று வைத்தாலும் பயனில்லை, ஒரு சுற்றைப் பிடித்தவன் முழுவதையும் பிடித்துவிடுவான். இப்படி ஆகாமலிருக்க ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுற்றின் எண்ணையும் சேர்த்துக் கலப்பார்கள். நான் அதை எடுத்துவிட்டிருந்தேன். கராஜ் ரிமோட்டுக்குள்ளும் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் அதுவும் போய்விட்டது. அதில் எனக்குப் பெருமை வேறு.

“தற்செயலா அப்படி ஒரு சாவி அமையறது ரொம்ப அபூர்வம்தானே?” என்று இழுத்தேன்.

“ஆக்கள் தற்செயலா சாவி வைக்கிறதில்லை. எங்களை மாதிரித்தான் வைப்பினம்.”

மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். எடுத்ததைத் திரும்பச் சேர்த்தேன். ஒரே ஒரு வரி. என் சங்கேதம் ஒரு மயிரிழை பெருத்தது, போகட்டும். புதியதை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். குசினி மேசையில் உட்கார்ந்து, சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களின் ஓரங்களிலெல்லாம் எழுதித் தள்ளினார். மாமியார் தேத்தண்ணி வைத்தார், ஆறியது. நான் வீட்டுப் பின்வளவில் கொடியில் காய்ந்த துணிகளை எடுப்பதுபோல் குசினி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனா நின்றால் ஓட்டையைக் கண்டுவிட்டாரோ என்று நினைத்தேன். ஓடினாலும் அதையேதான். மடித்த துணிகளையே உதறித் திரும்பவும் மடித்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு அவர் வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“ஒருத்தராலயும் ஏலாது எண்டு சொல்லமாட்டன்,” என்றார். “என்னால ஏலேல்லை. நீர் நாளைக்கு அனுப்பும்.”

ஒரு சங்கேதம் பாதுகாப்பானது என்று எங்கள் தொழிலில் யாராலும் சத்தியம் செய்ய முடியாது. கெட்டிக்காரர்கள் முட்டிமோதிப் பார்த்து, என்னால் முடியவில்லை என்று சொல்வதுதான் ஆகப்பெரிய நற்சான்று. அதை அவ்வளவு துக்கத்தோடு அவர் சொன்னதும் துணிகளையெல்லாம் புல்லில் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். பாவம், அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதையும் அவரிடமே சொன்னேன்.