கம்பிக்குக் கீழே மூன்று மரங்கள்

பயிற்சி முடிந்த பிறகுதான் என் வேலை தொடங்கும். ஈப்போவில் ஒரு விடுதி மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்பு நடக்கும். மேற்பார்வையாளர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புவார்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். கற்றதில் எதைச் செய்து பார்த்தார்கள், அப்போது என்ன நடந்தது, இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பேசவைத்து, எழுதவும் வைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு இது பொருத்தமான வேலை என்று பயிற்சி நிறுவனம் கருதியது. நானும் அப்படியே கருதினேன்.

ஆயர் தாவாரை அடுத்து நான் போய்வந்த செம்பனை எண்ணெய்த் தோட்டம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்தது. பால் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகையில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதன் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்காருவோம். ஆறு மண்டோர்கள், குலை வெட்டுகிறவர்களைக் காட்டில் மேய்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் கற்று வந்த பாடம் ஒன்றுதான்: அடிபட்ட பிறகு அறிக்கை எழுதுவதைவிட, மயிரிழையில் தப்பியதை அன்றைக்கே எழுதித் தெரிவிப்பது.

முதல் மாதம் ஆறு நோட்டுகளிலும் ஒரே வாசகம் இருந்தது. 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. கற்றதை நடைமுறைப்படுத்தி வருகிறோம்.' ஒருவர் எழுத, ஐந்து பேர் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பென்சிலால் 'எப்படி?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னா டீச்சர், இந்த வயசுல எங்களுக்குப் பரீட்ச வெக்கிறீங்க? சம்சாரத்துக்குக்கூட நான் ஒரு லெட்டர் எழுதுனதில்லலா," என்றார் ஒருவர்.

"எழுதிருந்தா அது ஒன்னக் கட்டிருக்காது மச்சான்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லாரும் சிரித்தார்கள், மூத்தவரைத் தவிர. அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. மண்டோர் வேலையோடு சேர்த்துத் தோட்டம் கொடுத்த வீட்டில் மனைவியோடு குடியிருந்தார். மகள் காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடியும்வரை அந்த வீடு நிலைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கணக்கு. அதை அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

"காட்டுல நடந்தத ஆபீசுல போயி சொன்னா, பெறகு மண்டோர் எதுக்குன்னு கேப்பாங்க டீச்சர். எதுவா இருந்தாலும் நாங்களே பாத்து முடிச்சிருவோம். முப்பது வருசமா அப்டித்தான்," என்றார்.

நான் அதை அச்சம் என்று எடுத்துக்கொண்டேன். அச்சத்தைப் போக்கத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பேசவைத்தவள் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

"அண்ணே, இந்த நோட்டு ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான். ஆபீசுக்குப் போகாது," என்றேன். சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது சந்திப்புக்கு அவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து, நோட்டை ஓர் உர மூட்டையின் மேல் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தோட்டத்தின் ஓரத்தில் மின்கம்பி போகும் இடத்தில், இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் நீண்ட அலுமினியக் கம்பத்தில் கட்டிய அரிவாளால் குலை வெட்டியதைப் பற்றியது அது.

'கம்பி இருப்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் குலையைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, லோரியைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்குள் லோரி நிறைய வேண்டும் என்று ஆபீசிலிருந்து மூன்று தடவை போன் வந்திருந்தது. கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கை அகலந்தான். அவன் கம்பத்தை இறக்கிவிட்டுச் சிரித்தான். நான் ஏசினேன். அவனை ஏசவில்லை. மூன்று மரங்கள் கம்பிக்குக் கீழே நிற்கின்றன. வெட்டச் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.'

வாழ்நாள் முழுவதும் வாசித்தவள் நான். நல்ல வாக்கியத்தை முதல் சொல்லிலேயே அறிந்துகொள்வேன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. 'அவனை ஏசவில்லை' என்ற இரண்டு சொற்களை அன்று மாலை வரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியை என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். கடைசி வரியின் அழகு எனக்குத் தெரிந்தது. அது ஒரு மனிதர் எனக்குத் தந்த எச்சரிக்கை என்பது தெரியவில்லை.

மூன்று மாத முடிவில் ஈப்போவில் கூட்டம். நிர்வாகத்தினர் முன்னிலையில் நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைப் படித்துக் காட்டும்படி பயிற்சி நிறுவனம் கேட்டது. அவரிடம் அனுமதி கேட்டேன்.

"பேரு சொல்ல மாட்டேண்ணே. இத கேட்டா மரத்த வெட்டிருவாங்க," என்றேன்.

அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க," என்றார். சம்மதம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம் சம்மதம்தான்.

கூட்டத்தில் அதைத் தமிழில் படித்து, மலாய் மொழியிலும் சொன்னேன். நன்றாகவே படித்தேன், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கை தட்டினார்கள். தேநீர் இடைவேளையில், தமிழரான அந்தத் தோட்ட மேலாளர் கறிபாப் தட்டோடு என் பக்கம் வந்தார்.

"அருமையா படிச்சீங்க டீச்சர்," என்றார். "நம்ம தோட்டத்துல கம்பி ஒரே ஒரு பிளாக்குலதான் போகுது."

அந்தப் பகுதிக்கு மண்டோர் மூத்தவர்தான். பெயரைத்தான் நான் மறைத்திருந்தேன். மரங்கள் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

திங்கட்கிழமை மூன்று மரங்களும் விழுந்தன. அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகையும் நட்டார்கள். புதன்கிழமை அவருக்குச் சுராட் வந்தது, நிர்வாகத்தின் கடிதம். ஆபத்தை அறிந்திருந்தும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக மண்டோர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்; பொது வேலையாளாகத் தொடரலாம்; மண்டோருக்கான வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். மூன்று முறை வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. தான் ஏவிய ஆட்களோடு சேர்ந்து மூட்டை தூக்க மனமில்லாமல் அவர் வேலையை விட்டுவிட்டார்.

நான் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அந்த நோட்டு வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்ததைச் சொன்னேன்.

"வாக்கு குடுத்தது நீங்க. படிச்சதும் நீங்க. நான் காதால கேட்டேன், அவ்வளவுதான். கேட்டுட்டு சும்மா இருந்தா, நாளைக்கு ஒருத்தன் செத்தா யாரு டீச்சர் பதில் சொல்றது? ஏன் இத்தன நாளா சொல்லலன்னு கேட்டேன். அவருகிட்ட பதில் இல்ல."

பதில் அந்த நோட்டில் இருந்தது. நோட்டு மேலாளரின் மேசைமேல், கோப்புக்குள் இருந்தது. கூட்டத்துக்குக் கொண்டுபோனபோது நான்தான் அதை நிர்வாகத்துக்குக் கொடுத்த தாள்களோடு ஆதாரமாக இணைத்திருந்தேன்.

அடுத்த மாதம் சித்தியவானில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைத் தேடிப் போனேன். முன்னறையில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் கிடந்தன. ஒரு கிடங்கில் ஜாகா வேலை கிடைத்திருந்தது. காவலாளியின் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"மகள் எப்படி இருக்கா?" என்றேன்.

"காம்பார்லயே இருந்துக்குது. லீவுக்கு இங்க வந்தா எங்க படுக்கும்? எடம் இல்ல." பெட்டிகளைக் காட்டினார். பிறகு கேட்டார்: "கூட்டத்துல எல்லாரும் கை தட்டுனாங்களாமே. ஆபீசு கிராணி சொன்னாரு."

தலையசைத்தேன்.

"எதுக்கு தட்டுனாங்க? மரத்துக்கா, எழுத்துக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "எழுத்துக்குண்ணே," என்றேன்.

"நான் மரத்துக்குத்தான் எழுதுனேன் டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். நோட்டு எங்கே என்று கேட்டார். தோட்ட அலுவலகத்தில் என்றேன். என்னிடம் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். பிடித்திருந்ததால் எழுதினேன் என்றும் சொன்னேன்.

"கிழிச்சிருங்க," என்றார். "ஒங்களுக்குப் புடிச்சதுதான் எனக்கு வெனையாப் போச்சு."

அன்று மாலையே கிழித்தேன். வரிகள் மனத்திலிருந்து போகவில்லை. அவற்றை எங்கே கிழிப்பது என்று தெரியவில்லை.

பயிற்சி நிறுவனத்துக்கு நான் கொடுக்க வேண்டிய இறுதி அறிக்கையில், 'பணியிடத்தில் ஏற்பட்ட மாற்றம்' என்ற கட்டம் ஒன்று உண்டு. மின்கம்பிக்குக் கீழே நின்ற மூன்று மரங்கள் அகற்றப்பட்டன என்று நிரப்பினேன். அது உண்மை. அந்த ஆண்டில் நான் நிரப்பிய கட்டங்களிலேயே மிகவும் உண்மையானது அதுதான். யார் அகற்றவைத்தார் என்று எழுத அதில் இடம் விடப்படவில்லை.

இப்போது அதே தோட்டத்தில் அடுத்த பயிற்சி முடிந்திருக்கிறது. மறுபடியும் ஆயாக் கொட்டகை, உர மூட்டைகள், ஆறு மண்டோர்கள். அவருடைய நாற்காலியில் புதியவர் ஒருவர். மற்ற ஐந்து பேரும் பழையவரோடு வேலை செய்தவர்கள். சம்சாரத்துக்குக்கூட லெட்டர் எழுதியதில்லை என்று முன்பு சொன்னவர்தான் நோட்டுகளைச் சேர்த்து என்னிடம் கொடுத்தார்.

"எல்லாம் ஒழுங்கா எழுதிட்டோம் டீச்சர்," என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆறு நோட்டுகளிலும் பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. ஆறிலும் கற்றது நடைமுறைப்படுத்தப்பட்டு வருகிறது. சிவப்புப் பென்சில் என் பையில்தான் இருந்தது. அதை எடுக்காமல், பேனாவால் ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.