செவ்வாய்க்கிழமை வந்த மீன்

கேப் கோஸ்டுக்கு மேற்கே அந்தக் கரையில் அராபா கை வைக்காமல் மீன் விலை போகாது. முதல் படகு மணலில் முட்டியதும், மீன்காரிகளின் தலைவியான அவள் குவியலுக்குள் கையை விட்டு அளைந்து ஒரு விலை சொல்வாள். அதுதான் அன்றைய விலை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கை தவறியதில்லை.

அவள் தவறியது வேறிடத்தில். படகு மோட்டாருக்கு மானிய பெட்ரோல் வேண்டுமென்று தலைநகர் அக்ராவில் மீன்துறை அலுவலக வாசலில் மூன்று நாள் பட்டினி கிடந்தவள் அவள்தான். முதல் பீப்பாய் வந்திறங்கிய அன்று தலைத்துணி கழன்று விழுந்ததும் தெரியாமல் ஆடினாள். படகு எண்ணெய் மலிந்தது, படகுகள் பெருகின, மீன் குறைந்தது. தூரத்திலோ, தங்கள் அரசாங்கம் கொடுத்த மலிவு டீசலில் வந்த அந்நியக் கப்பல்கள் கடலையே வழித்தெடுத்தன. கரையில் மீனைப் புகையில் வாட்டி விற்கும் நாற்பது பெண்களின் புகையடுப்புகள் அணைந்தன.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. அன்று யாரும் வலையைத் தொடுவதில்லை. ஆனால் அந்தச் செவ்வாய் காலை ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. வந்தவன், அராபா தூக்கி வளர்த்த தம்பி எசுமன். படகு நிறையப் பாளம் பாளமாக உறைந்த மீன்.

"செவ்வாய்க்கிழமையாடா கடலுக்குப் போனே, பாவி?"

"வலை போட்டேனாக்கா? கப்பல்காரன் வித்தான், ஏத்திட்டு வந்தேன். சந்தைக்குப் போய்ட்டு வந்த மாதிரிதான். விலை சொல்லு."

"எந்த எண்ணெயில போனே? மானிய எண்ணெயிலயா?"

எசுமன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லித் தொலையேன், தலைவியம்மா!" என்றாள் மன்சா, காலிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கியபடி. "என் அடுப்புல பூனை குட்டி போட்டிருக்கு. பூனைக்காவது நல்ல காலம்!"

பெண்கள் சிரித்தார்கள். அராபா கையை நீட்டினாள். விரல் உள்ளே போகவில்லை. கை மரத்துப்போயும் எடுக்காமல் அப்படியே நின்றாள். சிரிப்பு அடங்கியது. வெயிலில் பாளத்தின் ஓரம் உருகி, சுண்டுவிரல் நீளக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வழுக்கி மணலில் விழுந்தன.

மன்சா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "ஐயோ, பச்சைக் குழந்தைங்கடி!"

"இதுக்கு நான் விலை சொல்ல மாட்டேன்" என்றாள் அராபா. "சொன்னா, நாளைக்கு நம்ம எண்ணெயில எல்லாப் படகும் இதுக்குத்தான் போகும்."

மன்சா குஞ்சைப் பாளத்தின் மேலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் காலிப் பாத்திரங்களோடு பின்னால் போனார்கள். எசுமன் தனியே நின்று, உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை பீப்பாய்கள் வந்தன. எண்ணெய்ப் பட்டியலில் முதல் பெயர் எசுமனுடையது. அதை அடித்து நீக்கச் சொன்னவள் அராபா. அடித்த பேனாவைப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் அவள் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. எசுமன். வசைக்குத் தயாராக அவள் தலை குனிந்தாள். அவன் உட்கார்ந்து தட்டை இழுத்தான். புளித்த சோள மாவை அவித்த கென்கே உருண்டையும் மிளகாய்த் துவையலும் இருந்தன.

"மீன் இல்லையாக்கா?"

"இல்லடா."

அவன் கென்கேயைப் பிட்டு, பாதியை அவள் பக்கம் தள்ளினான்.