கோபிகா ஏறிய முதல் பஸ்

கோபிகாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு வயிறு எரியும். மடத்துவெளியில் அவளுடைய வீடு எனக்கு அடுத்த வளவு. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் இல்லை. தகப்பன் ஐயாத்துரை செத்தபோது இவளுக்குப் பத்தொன்பது, தங்கச்சி பிரியவதனிக்கு எட்டு. அன்றைக்குத் தையல் மெசினில் இருந்தவள்தான், இன்னும் எழும்பவில்லை. பதினாறு வருஷமாக யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தையல் கடையில் வேலை. கடைப் பூட்டின் திறப்பு அவளிடம். விடிய ஐந்து இருபதுக்கு வரும் முதல் பஸ்ஸில் ஏறினால்தான் ஏழு மணிக்குக் கடை திறக்கலாம்.

அந்தத் தையலில்தான் தங்கச்சி படித்தாள். கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லமாட்டேன். கம்பஸில் பட்டம் முடித்து, பேருக்கு முன்னால் டொக்டர் போடவைக்கிற கலாநிதிப் பட்டத்துக்குக் கனடா போனாள். போன் கம்பனிகளில் சேருகிற லட்சக்கணக்கான தரவை வைத்து, நகரத்துக்கு எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த நேரம் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவளுடைய ஆய்வு. போன் நகர்ந்தால் ஆள் நகர்ந்ததாகக் கணக்கு. “எங்கடை சனத்துக்குப் பிரயோசனப்படுமாம்” என்று கோபிகா பஸ் முழுக்கச் சொல்லுவாள். நாங்களும் வாயைப் பிளந்து கேட்டோம், விசரிகள்.

அவர்கள் வீட்டில் ஒரு போன்தான். கனடாவில் இரவு எட்டு மணிக்குப் பிரியவதனி தாயோடு கதைக்க எடுப்பாள். இங்கே அது விடியற்காலை, கோபிகா பஸ்ஸில் இருக்கிற நேரம். ஆகையால் போன் தாய் நாகமுத்துவின் தலைமாட்டில் கிடக்கும், கோபிகா வெறுங்கையோடு வருவாள். அவள் மட்டுமில்லை, அந்த பஸ்ஸில் போகிற நாங்கள் பதினேழு பேரும் அப்படித்தான். எல்லா வீட்டுக்கும் அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டுக் கோல் வரும்.

போன மாசியில் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது எட்டு மணிக்கு. கடை முதலாளி ஒரு கிழமை ஏழு நாளும் பொறுத்துப் பார்த்தார், பிறகு திறப்பை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்து, இவளை வேலையால் நிறுத்திவிட்டார். கோபிகா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெடியன் மரியாதையாக இருக்கக் கதிரை தந்து, கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

“பாருங்கோ அம்மா. மடத்துவெளியிலை விடிய ஏழு மணிக்கு முன்னம் ஒருத்தரும் அசையேல்லை.”

“தம்பி, நாங்கள் பதினேழு பேர் போறனாங்கள்.”

“ரிக்கற் மெசினிலையும் ஆக்களைக் காணேல்லையே.”

“மாதச் சீசன் அட்டை காட்டுறனாங்கள், பிறகென்னெண்டு ரிக்கற் விழும்?” என்று நான் பாய்ந்தேன்.

“இது கலாநிதி ஆய்வு அம்மா. உங்கடை வாயாலை சொல்லுறதை வைச்சு பஸ் விடேலாது.” அறிக்கையின் முதல் பக்கத்தையும் காட்டினான். பிரியவதனி ஐயாத்துரை.

நான் வாயைத் திறந்தேன். கோபிகா என் கையைக் கிள்ளினாள். தங்கச்சியை அந்நியன் முன்னால் விட்டுக்கொடுக்கமாட்டாளாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது இருந்த கறியையும் அல்லவா கொட்டிவிட்டது!

அடுத்த நாள் விடிய நானும் அவள் வீட்டில்தான் இருந்தேன், பஸ் இல்லாதவளுக்கு வேறென்ன வேலை? போன் அடித்தது. தாயை முந்திக்கொண்டு கோபிகா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நீங்கள் வீட்டையோ? லீவோ?”

“பஸ் இல்லை. உன்ரை ஆய்வைப் பார்த்துத்தான் நிப்பாட்டினவையாம். விடிய ஒருத்தரும் அசையேல்லை எண்டு எழுதினனீயோ?”

“தரவு அப்பிடித்தான் காட்டினது அக்கா…” என்றவள் சட்டென்று கத்தினாள். “ஐயோ! நீங்கள் போனை வீட்டை வைச்சிட்டுப் போறனீங்களெல்லோ.”

“உன்ரை கோலுக்காகத்தான்.”

“தெரியும் அக்கா. எழுதேக்கை நினைவு வரேல்லை.” அழத் தொடங்கிவிட்டாள்.

“இனி மாத்தேலாதோ?”

“பட்டம் தந்திட்டினம். பஸ்காரருக்கு ஒரு கடிதம் எழுதுறன். ஆனா கடிதத்துக்காக பஸ் விடாயினம் அக்கா, தரவு கேப்பினம்.”

கண்டறியாத தரவு! நானென்றால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். கோபிகா, “டொக்டராகிட்டாய், சந்தோஷம்” என்றாள். போனைத் தாயின் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள்.

நாகமுத்துவுக்குக் காது மந்தம். நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகப் போனுக்குள் கத்தினாள்.

“பிள்ளை, இனி நீ எந்த நேரமும் எடுக்கலாம். அக்கா வீட்டை விட்டு ஒரு இடமும் போறேல்லை.”