கதவு இல்லாத ஐந்து வீடுகள்

வெள்ளிக்கிழமை விடிந்தால் நான் ஐந்து வீடுகளுக்குப் பூ வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, நாங்கள் குடியிருந்த மண்வீடு. மற்ற நாலும் நான் செய்யத் தொடங்கி முடிக்காமல் வைத்திருந்த சின்ன வீடுகள். பெட்டகத்தின் மேல் ஒன்று, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டிலுக்குக் கீழே இரண்டு. பெரிய வீட்டு மாரியம்மன் படத்துக்கு ஒரு முழுச் செவ்வரத்தம்பூ வைப்பேன். சின்ன வீடுகளுக்கு நித்தியகல்யாணிப் பூவைப் பிய்த்து ஆளுக்கு ஓர் இதழ். அந்த ஒற்றை இதழே அங்கே ஒரு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும்.

"அஞ்சு கோயில் பூசாரி வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்பார் என் வீட்டுக்காரர். வழியை மறித்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான்.

எந்த வீட்டைத் தொடங்கினாலும் நான் முதலில் சாமி மூலையைத்தான் செய்வேன். ஊதுவத்திப் பெட்டியின் ஓரத்தில் நகத்தளவு பிள்ளையார் அச்சடித்திருப்பார். அவரைக் கத்தரித்து, சுவரில் விளாம்பிசினால் ஒட்டி, கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு, அறை, கூரை எல்லாம். சாமி வந்து உட்கார்ந்துவிட்ட வீட்டைப் பிரித்துப் போட முடியுமா? குப்பையில்தான் எறிய முடியுமா? அப்படியே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிவிட்டது.

நாங்கள் தர்மபுரத்துக்கு வந்தது, தோட்டத்துத் தமிழரை அடித்துத் துரத்திய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு. அவரும் நானும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். வன்னியில் வந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. காட்டுத்தடி நட்டு, மண் குழைத்து அப்பி, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு போட்டு, அவசரத்தில் உள்ளே நுழைந்தோம். புதுவீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. பாலுக்கு எங்கே போவது? வெறும் தேத்தண்ணி குடித்துக் குடிபுகுந்தவர்கள் நாங்கள்.

அடுத்த மாரிக்கு மகள் வயிற்றில் இருந்தாள். குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியாது. வெளியே மழை விடவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாள் ஒன்று எப்படியோ கையில் கிடைத்தது. சும்மா அதைச் சீப்பின் பல்லுக்கு மேல் வைத்து விரலால் தடவினேன். தடவத் தடவத் தாள் வரிவரியாய் எழும்பி, அச்சொட்டாக ஒரு கூரைத் தகரமாகிவிட்டது. எங்கள் லயத்துத் தகரம். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கூரை வந்துவிட்டது, அதற்குக் கீழே ஒரு வீடு வேண்டாமா?

சவர்க்காரப் பெட்டி சுவராயிற்று. நெருப்புக்குச்சிகள் கூரைக் கைமரமும் வளையும் ஆயின. தரைக்கு மண் பூசி, சாணம் கரைத்து, ஒற்றை விரலால் மெழுகினேன். மாரியில் பிசின் சீக்கிரம் காயாது. அது காயும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அடுத்த வீட்டுக்கு அடி போட்டேன். அது இந்த வளவில் நாங்கள் இருந்த மண்வீடு மாதிரி, ஈர்க்கால் வரிந்த கூரை. அதன் மண் காயும்போது கிளிநொச்சியில் பார்த்த மாடிவீடு ஞாபகம் வந்தது. அதற்குப் படிக்கட்டு கட்டத் தெரியாமல் நின்றபோது ஒரு கடை தொடங்கினேன். களை எடுக்கும் காலம் வந்தால் எல்லாம் தூசி பிடித்துக் கிடக்கும். நெல் அரிவி வெட்டி முடிந்தால் மறுபடி ஒவ்வொன்றாய் வெளியே வரும். ஒன்றுக்கு உரல் செய்வேன், இன்னொன்றுக்குக் கூட்டத் தும்புத்தடி கட்டுவேன், முதலாவதை மறந்துபோவேன்.

செய்வதைவிடப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மத்தியானத்தில், எல்லோரும் சாப்பிட்டு அயர்ந்த நேரத்தில், தரையில் சரிந்து படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன வாசலுக்குள் பார்ப்பேன். ஜன்னல் ஓட்டையால் வெளிச்சம் வந்து தரையில் விழுந்திருக்கும். அந்த வெளிச்சத்துக்குள் தூசி மெதுவாக ஏறி இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர் பெரிதாகும், கூரை உயரும், நான் வாசற்படியில் கால் வைத்திருப்பேன். தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்கும். யாரோ அடுப்பூதுகிற வாசம் வரும். உள்ளறையில் யார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு கோழி கத்தும். நான் வெளியே வந்து விழுந்துவிடுவேன்.

போய்வர அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம், அந்த வீடுகள் ஒன்றுக்கும் கதவு இல்லை.

நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் இல்லை. வாசலில் கிடுகுத் தட்டி ஒன்றைச் சாத்தி வைப்போம். கதவுக்கென்று அவர் வாங்கிய பாலைமரப் பலகைகள் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே வருசக்கணக்காய்ச் சாய்ந்து கிடந்தன. கோழிகள் அதன்மேல் ஏறி அடைந்தன. காரணம் நான். தோட்டத்தில் இருந்தபோது எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கதவு உளுத்துப்போய், ஆசைப்பட்டுப் புதுக் கதவு செய்து, பச்சை வர்ணம் அடித்தோம். வர்ணம் சரியாகக் காயவில்லை. அதற்குள் கலவரம் வந்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, மாரியம்மன் படத்தைச் சேலையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினோம். கதவைச் சாத்தியபோது உள்ளங்கையில் பச்சை ஒட்டியது. கதவு வைத்தால் வீடு முடிந்துபோகும், முடிந்த வீட்டில் நம்மை இருக்க விடமாட்டார்கள் என்று அன்றைக்கு என் மனதில் விழுந்தது, பிறகு எழும்பவே இல்லை.

"மாரியாத்தா ஒன்கிட்ட வந்து சொன்னாளா, கதவு வைக்காதேன்னு?" என்று அவர் கேட்பார்.

"சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்."

"பலகைய கறையான் திங்கிறதும் தெரியுமில்ல?"

"பாலைய கறையான் திங்காதுங்க."

 அவர் தட்டியைத் தூக்கிச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

மகளுக்கு எட்டு வயதானபோது, ஒழுங்கைக் கடைசியில் இருந்த ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் படகேறப் போனது. அவர்களுடைய பெண்பிள்ளையும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பாயில் சாப்பிட்டவர்கள். போகும்போது அவர்கள் கதவைப் பூட்டி, சாவியை முன்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அக்கா இந்த மண்ணிலேயே பிறந்தவர். மாடு வைத்திருந்தார். எங்கள் ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரித்தாலும் எங்கள் மேல் அன்பாக இருந்தவர்.

அன்று பின்னேரம் மகள் கட்டிலுக்குக் கீழே இருந்து சின்ன மண்வீட்டை இழுத்து எடுத்தாள். பழந்துணியில் தான் செய்த பெருவிரல் அளவு பாவைப்பிள்ளையை உள்ளே இருத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்குக் கதவு எங்கை?"

"செய்யலாம், செய்யலாம்."

"நீங்க எப்பவும் உப்பிடித்தான் சொல்லுறனீங்கள். எங்கட வீட்டுக்கும் இல்லை. நாங்களும் போகப்போறமோ? அதுக்குத்தான் கதவு வைக்கேல்லையோ?"

போகாமல் இருப்பதற்காக நான் செய்ததை, போவதற்கான ஆயத்தம் என்று இந்தப் பிள்ளை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பச்சைக் கதவின் கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"நான் அங்கை பிறக்கேல்லைத்தானே" என்றாள். "நான் பிறந்தது இஞ்சை. எனக்குக் கதவு வேணும்."

வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டு நின்ற முன்வீட்டு அக்கா விடவில்லை.

"எடி பிள்ளை, கதவால ஆரும் போறேல்லை, காலாலதான் போறது. சின்ன வீட்டுக்கு முதல்ல வைச்சுப் பார். ஒண்டும் நடக்கேல்லை எண்டா பெரிசுக்கு வை. முறையாப் பால் காய்ச்சிக் குடிபூரல் செய்வம். பால் நான் கொண்டு வாறன்."

"பொங்கலேன்னா என்னக்கா செய்றது?"

"என்ர மாட்டுப் பால் பொங்காதோ? வாய் உனக்கு!"

நெருப்புப் பெட்டியின் மட்டையைக் கத்தரித்துக் கதவு செய்தேன். பழைய செருப்பின் தோல்வாரைக் கீறிப் பிணைச்சல் வைத்தேன். நிலையில் ஒட்டும்போது, மாரியம்மா, இது விளையாட்டு, இதைக் கணக்கில் எடுக்காதே என்று வாய்க்குள் சொன்னேன். மகள் குளத்துக் களிமண்ணில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பானை பிடித்து அடுப்புச் சாம்பலில் சுட்டெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முற்றத்தை மெழுகிக் கோலம் போட்டோம். பெருவிரல் அளவு கோலம் ஒன்றும் போட்டோம், அரிசிமாவை ஈர்க்கு நுனியால் தொட்டு. மாவிலைக்குப் பதில் வேப்பந்துளிர். அக்கா செம்பு நிறையப் பால் கொண்டுவந்தார். "இவ்வளவு எதுக்குக்கா?" என்றதற்கு, "மிச்சத்தைத் தேத்தண்ணிக்குப் போடு. உன்ர சாயத்தண்ணியைக் குடிச்சு என்ர நாக்குச் செத்துப்போச்சு" என்றார். மிச்சப் பாலைக் குசினி அடுப்பில் சட்டியோடு வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன்.

மூன்று குண்டுக்கற்கள் வைத்து, நடுவில் கற்பூரம் ஏற்றி, பானையில் ஒரு தேக்கரண்டிப் பால் விட்டோம். எல்லோரும் குந்தியிருந்தோம். அவரும் தள்ளி நின்று பார்ப்பதுபோல நின்று, பிறகு வந்து குந்திக்கொண்டார். அந்த நீலச் சுடர் ஆடுவதைப் பார்த்தபோது எனக்கு மறுபடி எல்லாம் பெரிதாகத் தொடங்கியது. வேப்பந்துளிர் மரமாய் நின்றது. கோலம் தெருவாய் நீண்டது. அந்தச் சின்ன வாசலுக்குள் பாவைப்பிள்ளை முந்தானையைச் செருகிக்கொண்டு பால் பொங்கக் காத்திருந்தாள்.

பால் பொங்கவில்லை. ஒரு தேக்கரண்டிப் பால் எப்படிப் பொங்கும்? ஓரத்தில் ஆடை கட்டியது, சுருங்கியது, மஞ்சளாகி அடிப்பிடித்தது. வயல் வேலை செய்த இத்தனை பெரியவர்கள் இருந்தோம், ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை. சாத்திரத்தைச் சின்னதாக்கலாம், பாலைச் சின்னதாக்க முடியாது என்று. தீய்ந்த வாசம் வந்தது. மகளின் உதடு பிதுங்கியது.

"பொங்கேல்லை" என்றாள். "அப்ப நாங்க போகோணும்."

என் நெஞ்சுக்குள் அந்தப் பச்சை வர்ணம் மறுபடி ஒட்டியது. கையை நீட்டிச் சின்னக் கதவைப் பிடுங்கிவிடத்தான் போனேன்.

அப்போது குசினிக்குள் 'சுர்ர்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ என்ர பால்!" என்று அக்கா எழும்பி ஓடினார். எல்லோரும் பின்னால் ஓடினோம். நாங்கள் மறந்துபோன சட்டியில் பால் நுரைநுரையாய் எழும்பி, விளிம்பைத் தாண்டி, அடுப்புக் கல்லெல்லாம் வெள்ளையாய் வழிந்துகொண்டிருந்தது. பாதி நெருப்பு அணைந்துவிட்டது. சாம்பலும் பாலும் சேர்ந்த அந்த வாசத்தை இன்றைக்கும் என்னால் முகர முடியும். இந்தக் குசினியில் அதற்குமுன் பால் பொங்கியதே இல்லை.

அக்கா குனிந்து அடுப்பைச் சுற்றிப் பார்த்தார். "கிழக்காலதான் வழிஞ்சிருக்கு. வந்து பாருங்கோ."

"தேத்தண்ணி போச்சே" என்றார் என் வீட்டுக்காரர். பிறகுதான் அவருக்கு விளங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏ புள்ள, சின்ன வீட்டுக்குப் பொங்கல. பெரிய வீட்டுக்குப் பொங்கிருச்சு. இப்ப என்ன சொல்ற?"

சாமி மூலைக்குப் போய் மாரியம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையிலிருந்து என் இடுப்பில் வந்தவள். குடிபூரல் இல்லாமல் இத்தனை வருசம் இந்தச் சுவரில் பொறுத்திருந்தவளும் அவள்தான். திருநீறு எடுத்து மகளுக்குப் பூசினேன், எனக்கும் பூசினேன். பிறகு வெளியே போய், பலகை மேல் இருந்த கோழிகளைத் துரத்தினேன்.

பாலைப் பலகை இரும்பு மாதிரிக் கனம். அவரும் பக்கத்து வளவுக்காரர் ஒருவருமாய் இழைத்து, பிணைச்சல் அடித்து, அடுத்த நல்ல நாளில் தூக்கி நிறுத்தினார்கள். நான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். வர்ணம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

பிற்காலத்தில் வன்னியில் எங்களுக்கு நடந்தவை வேறு கதை. அதை நான் ஒரு கதவின் தலையில் போடமாட்டேன். நான் சொல்ல வந்தது அந்தக் கதவு நின்ற முதல் நாளின் பொழுதுபட்ட நேரம்.

விளக்கு வைத்துவிட்டு, குடத்தோடு கிணற்றடிக்குப் போயிருந்தேன். வளவின் கோடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். பழக்கத்தில் ஒற்றைக் கண் தானாக மூடிக்கொண்டது. எங்கள் வீடு பெருவிரல் அளவாகிவிட்டது. மஞ்சள் பூசிய கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கின் வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. யாரோ குறுக்கே நடந்தார்கள். நகத்தளவு மனுசன், கையில் செம்பு. இன்னொரு சின்ன உருவம் வாசலில் வந்து நின்று இருட்டுக்குள் என்னைத் தேடியது. இந்த முறை கோழி கத்தவில்லை. ஒன்றும் கலையவில்லை.

மற்ற மூன்று சின்ன வீடுகளுக்கும் நான் பிறகும் கதவு வைக்கவில்லை. பயத்தினால் இல்லை, வெறும் சோம்பல் பஞ்சியினால். மாடிவீட்டுப் படிக்கட்டும் வரவே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இதழ் வைக்கத் தவறியதில்லை.

"அம்மா!" என்று அன்றைக்கு வாசலில் நின்ற அந்தச் சின்ன உருவம் கூப்பிட்டது. "கதவைச் சாத்தட்டோ?"

"கொஞ்சம் இரு" என்றேன். "நான் உள்ளுக்கு வந்துர்றேன்."